எந்தக் கிளாஸ்லடா மூணாவது?

ஏண்டா பேராண்டி, பெரட்டுக்குப் போற பொம்பளைங்களை வழியில நிறுத்தி, "அஜித் டுபாய் ரேஸ்ல மூணாவது வந்துட்டாரு"ன்னு தமுக்கடிச்சியாமே? சந்தோசம்தான். ஆனா எதுல மூணாவதுன்னு உன் அத்தை கேட்டதுக்குத் தலையைச் சொறிஞ்சியாம். மூணாவதுக்கே இந்தக் கூத்துன்னா, முதலாவது வந்திருந்தா கொஸ்லந்தைக் கடைத்தெருவையே மறிச்சிருப்ப.

உக்காரு. 2025 ஜனவரியில நடந்த அந்த 24 மணி நேர ரேஸ்ல வண்டியெல்லாம் ஒண்ணாத்தான் ஓடும். பரிசு மட்டும் கூறு கூறா இருக்கும். வேகமான ஜிடி3 வண்டிக ஒரு கூறு. போர்ஷே 992ங்கிற ஒரே மாதிரி வண்டிக மட்டும் ஓடுறது இன்னொரு கூறு. அதுக்கும் கீழ ஜிடி4. அஜித்தோட டீம் மூணாவது வந்தது 992 கூறுல. மனுசன் பயிற்சியில வண்டியை இடிச்சதுக்கு அப்புறம், டீம் நல்லா இருக்கட்டும்னு அந்த வண்டியை மத்தவங்களுக்கு விட்டுட்டு, தான் ஜிடி4 வண்டியை ஓட்டினாரு. அது பெருந்தன்மை. அதைச் சொல்லியிருந்தா நானும் கை தட்டியிருப்பேன். ரேஸ் பேசுறவன் "யாரு முந்தினா"ன்னு கேக்கிறதுக்கு முந்தி "எந்தக் கிளாஸ்ல"ன்னு கேக்கணும்.

டுபாய் என்ன டுபாய், நம்ம தியத்தலாவை ஃபொக்ஸ்ஹில்லையே எடுத்துக்க. இராணுவ அகடமிக்காரங்க நடத்தின அந்தப் புழுதி ரேஸ்ல ஃபோர்ட் லேசர், மஸ்டா 1300 சிசி வண்டிகளுக்குத் தனி ஓட்டம். 3500 சிசி வரைக்கும் உள்ள பெரிய வண்டிகளுக்குத் தனி ஓட்டம். நுவரெலியா மகாகஸ்தோட்டையில 1934லேருந்து மலையேறுற ரேஸ் நடக்குது. அங்கயும் கிளாஸ் உண்டு. பழைய லேசரைத் தட்டிக் கொட்டி வச்சிருக்கவனும் ஒரு கப்பு தூக்கணுமில்ல? அது நியாயம். ஆனா அந்த நியாயத்தை யாரு எழுதுறாங்கிறதுலதான் சங்கதி இருக்கு.

பிரான்ஸ்ல லெ மான்ஸ் ரேஸ்காரங்களுக்கு ஒரு சட்டம், அமெரிக்காவுல இம்சாக்காரங்களுக்கு ஒரு சட்டம். இங்க ஓடின பெரிய வண்டி அங்க செல்லாது. கடைசியில 2020 ஜனவரி, டேட்டோனாவுல வச்சு ராசியானாங்க. இப்ப லெ மான்ஸ்காரன் ஹைப்பர்காருங்கிறான், இம்சாக்காரன் ஜிடிபிங்கிறான்; வண்டி ரெண்டு பக்கமும் ஓடுது. முழு வண்டியையும் கம்பெனியே செஞ்சுக்கலாம். இல்லாட்டி, அனுமதி வாங்கின நாலு பேர்ல ஒருத்தர்கிட்ட அடிக்கூட்டை வாங்கி அதுல தன் எஞ்சினை வைக்கலாம். அப்ப ரெண்டு வகை வண்டியும் எப்படிடா சரிக்குச் சரி ஓடும்? முந்துறவனுக்கு எடையை ஏத்துவாங்க, இல்லாட்டி எஞ்சின் சக்தியைக் குறைப்பாங்க.

வாயைப் பொளக்காத. இது உன் அப்பாயி கொழுந்து மடுவத்துல வருசக்கணக்கா பாத்ததுதான். 16 கிலோ எடுத்தா ஒரு நாள் பேருன்னாங்க. சுளுவா எடுக்கிறாளுகன்னு தெரிஞ்சதும் 18 ஆக்கினாங்க. நனைஞ்ச கொழுந்துன்னு தண்ணிக் கழிவு, சாக்குக் கழிவு. முள்ளு எங்க நிக்குதுன்னு இவ எட்டிப் பாக்கிறதுக்குள்ள கொக்கியிலேருந்து சாக்கு இறங்கிரும். குறைஞ்சா அரைப் பேரு. ரேஸ்காரன் எவ்வளவு ஏத்துறான்னு ஓடுற டீமுக்கெல்லாம் தாள்ல அடிச்சுக் குடுக்கிறான். அந்த ஒரு விசயத்துல அவன் தேவலாம்.

ஜப்பான்காரன் சுப்பர் ஜிடியில இன்னும் பச்சையா செய்யுறான். வாங்கின புள்ளிக்குத் தக்கன அடுத்த ரேஸுக்கு வண்டியில பாரம். நல்லா ஓட்டினதுக்குக் கூலி சுமைதான். அந்தக் களத்துல ஓட்டினவருதான் கோயம்புத்தூரு நரேன் கார்த்திகேயன். ஜப்பான் சுப்பர் ஜிடியும் ஜெர்மனி டிடிஎம்மும் வருசக்கணக்கா பேசி, ரெண்டு லீட்டர் டேர்போ எஞ்சின், கிளாஸ் வன்னுன்னு ஒரு பொதுச் சட்டத்துக்கு வந்தாங்க. 2019 நவம்பர்ல ஃபுஜியில ரெண்டு நாட்டு வண்டியையும் ஒண்ணா இறக்கினாங்க. ஞாயித்துக்கிழமை ஓட்டத்துல நரேன் ஹொண்டாவுல முதலாவது வந்தாரு. அதுக்கு நீ தமுக்கடிச்சியா? சினிமாவுல நடிச்சாத்தான் உன் காதுல விழும்.

அப்புறம் என்ன ஆச்சு? 2020 முடிய ஆடி கம்பெனி டிடிஎம்மை விட்டு விலகிருச்சு. 2021ல டிடிஎம்காரன் ஜிடி3 வண்டிக்கு மாறிட்டான். பேசிப் பேசிக் கட்டின பொதுச் சட்டம் ஜெர்மனியில அதோட சரி. வண்டி பழுதாகி நிக்கிறது ஒரு பக்கம்டா, சட்டம் மாறி நிக்கிறது இன்னொரு பக்கம். ரெண்டாவதுக்கு எந்தப் பாசும் மருந்து தர மாட்டான்.

இவ்வளவு சிசி, இவ்வளவு கிலோன்னு அளக்கிறாங்களே, சனம் எங்க நிக்குதுன்னு அப்படி அளக்கிறாங்களா? 2024 ஏப்ரல் 21, அதே ஃபொக்ஸ்ஹில்லுல ஒரு வண்டி பாதையை விட்டுப் பாஞ்சு ஏழு பேரு போய்ச் சேந்தாங்க. அதுல ஒரு எட்டு வயசுப் பிள்ளை. நம்மள மாதிரி மீரியபெத்தைக்காரனுக்கு இதை விளக்கவா வேணும்? நம்ம மீரியபெத்தை ஆபத்தான இடம்னு கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005லயும் சொல்லிச்சு, 2011லயும் சொல்லிச்சு. தாள் ஃபைலுக்குப் போச்சு. 2014 ஒக்டோபர் 29 காலையில மலை சரிஞ்சு லயத்துக்கு வந்துச்சு.

அதனால ரேஸ் பாக்கப் போறதுன்னா போ, மறிக்க மாட்டேன். போனதும் வளைவுக்கு வெளிப்பக்கம் நிக்காத. வண்டி திரும்பாட்டி எங்க வரும்னு பாத்து, அதுக்கு எதிர்ப்பக்கம் உசரமா ஒரு இடம் பிடி. அப்புறம் எந்தக் கிளாஸ், எவ்வளவு எடை, சட்டத்தை எழுதினது யாருன்னு விசாரி. விசாரிச்சு முடிக்கிறதுக்குள்ள ரேஸ் முடிஞ்சிரும். பரவாயில்ல. ஜெயிச்சது யாருன்னு பக்கத்துல ஒருத்தன் தொண்டை கிழியக் கத்துவான். எந்தக் கிளாஸ்னு மட்டும் அவன்கிட்ட கேட்டுராத, பாவம், அவனும் நம்மாளாத்தான் இருப்பான்.