அவிநாசி ரோட்டில் விழுக்காடும் மடங்கும்: ஒரு முதற்கட்ட ஆய்வு

1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பஸ்ஸை ஓட்டித் தொழிலில் இறங்கிய ஜி.டி. நாயுடுவின் பெயரில், கோவை உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் 2025 அக்டோபர் 9 அன்று திறக்கப்பட்டது. கீழே 45 நிமிடம் பிடித்த தூரம் மேலே 10 நிமிடத்தில் முடியும் என்றார்கள். அன்றே ஊரில் ஒரு கணக்குச் சிக்கல் கிளம்பிவிட்டது. எந்தப் பல்கலைக்கழகமும் அதைக் கண்டுகொள்ளாத நிலையில் இக்கட்டுரை அவசியமாகிறது.

களம், பீளமேட்டுப் பக்கம் ஒரு பேக்கரி. (கோவையில் டீ குடிக்கும் இடத்துக்குப் பேக்கரி என்று பெயர். வெளியூர் ஆய்வாளர்கள் குறித்துக்கொள்க.) ஆய்வுக்கு உட்பட்டவர்கள் ஒரு மாமனார், ஒரு மாப்பிள்ளை, கல்லாவில் இருந்தவர்.

"மாமா, பாலத்துல ஏறுனா 78 பர்சன்ட் வேகமுங்க" என்றார் மாப்பிள்ளை. மிச்சமாகும் 35 நிமிடத்தை 45-ஆல் வகுத்தால் 78 வரத்தான் செய்கிறது.

"78 இல்லீங்க மாப்ள, 350" என்ற மாமனார், தேங்காய் பன் வந்த காகிதத்திலேயே போட்டுக் காட்டினார். கீழே மணிக்கு 13.5 கிலோமீட்டர், மேலே 60.6. கூடியதைப் பழையதால் வகுத்தால் ஏறத்தாழ 350 விழுக்காடு.

"எதுக்குங்க இத்தன சிரமம்? நாலரை மடங்கு அதிகம்னு சொல்லிப்போட்டுப் போங்க" என்றார் கல்லாக்காரர்.

மூவரில் மாமனார் கட்சியே வென்றது. மாப்பிள்ளையின் 78 நேரத்தில் குறைந்தது, வேகத்தில் ஏறியதல்ல. வேகம் மெய்யாகவே 78 விழுக்காடு மட்டும் ஏறியிருந்தால் மணிக்கு 24 கிலோமீட்டர்தான்; கோல்டுவின்ஸ் போய்ச் சேர 25 நிமிடம். அரசு செலவழித்துச் சேமித்துக் கொடுத்த 35-இல் 15 நிமிடத்தை மனிதர் பேச்சுவாக்கில் தொலைத்துவிட்டார். கல்லாக்காரர் நேர்மாறு. நாலரை மடங்கு வேகம் சரி. நாலரை மடங்கு அதிகம் என்றால் பழைய ஒன்றும் சேர்ந்து ஐந்தரை ஆகிறது. வண்டி 74-இல் போயாக வேண்டும். அபராதச் சீட்டு வந்தால் அவர் கட்டுவாரா என்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

விழுக்காட்டை மக்கள் பள்ளிக்கூடத்தில் கற்கிறார்கள் என்றொரு மூடநம்பிக்கை உண்டு. உண்மையில் ஒப்பணக்கார வீதியில், ஆடித் தள்ளுபடியில் கற்கிறார்கள். தள்ளுபடி நூறைத் தாண்டாது. தாண்டினால் கடைக்காரர் சேலையையும் கொடுத்துக் கையில் காசும் கொடுத்தனுப்ப வேண்டும். அங்கே தேறியவர்களிடம் 350 என்றால், "நூத்துக்கு மேல எப்படீங்க பர்சன்ட் வரும்?" என்று கேட்பார்கள். சைட் வாங்கி விற்கும் மரபினருக்கோ இது உறைக்காது. 350 அவர்களுக்குச் சுமாரான லாபம். மாமனார் ஒரு காலத்தில் சரவணம்பட்டியில் சைட் வாங்கிப் போட்டவர் என்பது பின்னர் விசாரித்ததில் தெரிந்தது.

ஒப்பீட்டுச் சான்றுக்காக மேட்டுப்பாளையம் போக நேர்ந்தது. மலை ரயில் காலை 7.10-க்குக் கிளம்பி, 46 கிலோமீட்டர் ஏறி, பகல் 12 மணிக்கு ஊட்டி சேர்கிறது. 290 நிமிடம். கல்லாறு தாண்டினால் குன்னூர் வரை 12 அடிக்கு ஓரடி ஏற்றம். தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புச் சட்டம், அதைக் கவ்விக்கொண்டு பின்னாலிருந்து தள்ளும் எஞ்சின். இறங்குவதற்கு 215 நிமிடம். வித்தியாசம் 75. அதை 290-ஆல் வகுத்தால் 26, 215-ஆல் வகுத்தால் 35. ஆகவே இறங்கும்போது நேரம் 26 விழுக்காடு குறைவு, வேகம் 35 விழுக்காடு அதிகம். ஏறும்போது நேரம் 35 அதிகம், வேகம் 26 குறைவு. நான்கும் சத்தியம். ரயிலைப் புகழ வேண்டியவர் 35-ஐ எடுத்துக்கொள்வார், பழிக்க வேண்டியவரும் 35-ஐயே எடுத்துக்கொள்வார். 26-ஐச் சீந்த ஆளில்லை.

எதிர்பாராத கண்டுபிடிப்பும் இங்கேதான் கிடைத்தது. இறங்கும் ரயிலின் சராசரி மணிக்கு 12.8 கிலோமீட்டர். பாலம் வருமுன் அவிநாசி ரோட்டின் சராசரி 13.5. பல்சக்கரம் இல்லாத சமதள ரோடு ஜெயித்தது வெறும் 5 விழுக்காட்டில். மலை ரயிலை 2005-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த யுனெஸ்கோ, ரோட்டை மட்டும் எப்படி விட்டது என்பது புரியவில்லை.

குழப்பமே இல்லாத ஒரு கூட்டமும் உண்டு. சோமனூர், பல்லடம் பக்கத்துத் தறிக்குடோன்களில், சாதாரண விசைத்தறி நிமிடத்துக்கு 120 ஊடை அளவில் அடிக்கும். ஏர்ஜெட் தறி 600-ஐத் தொடும். மிஷின் விற்க வருகிறவர் 400 விழுக்காடு அதிகம் என்பார், இன்னொருவர் 5 மடங்கு என்பார். இரண்டும் ஒன்றுதான். தறிக்காரர் இரண்டையும் காதில் போட்டுக்கொள்வதில்லை. நூல் அறுந்து நின்ற நேரம், கரண்ட் போன நேரம் எல்லாம் கழித்து, "ஒரு ஷிப்டுக்கு எத்தன மீட்டர் எறங்குமுங்க?" என்று ஒரே கேள்வி கேட்பார். கூலி மீட்டருக்குத்தானே வருகிறது.

எஞ்சியிருப்பது எல்லைநிலை. பயண நேரம் 100 விழுக்காடு குறைந்தால், புறப்பட்ட கணமே சேர்ந்தாக வேண்டும். வேகம் எத்தனை மடங்கு என்று கேட்டால் பூஜ்ஜியத்தால் வகுக்க நேரும். இயற்பியல் இதை அனுமதிப்பதில்லை. கொங்கு நாடு அனுமதிக்கிறது. இந்த ஆய்வுக்கு வண்டி கொண்டுவருவதாகச் சொன்ன நண்பரைப் போனில் பிடித்தபோது, முதல் மணியிலேயே எடுத்து, "வந்துட்டனுங்க" என்றார். பின்னணியில் வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அவர் வீடு சிங்காநல்லூரில்.