வெள்ளைத் திரை விளக்கம்: பொருநைக் கரையிலிருந்து ஒரு சிற்றாய்வு

நடராசரின் ஐந்து சபைகளில் இரண்டு தாமிரபரணிப் படுகையில் உள்ளன. திருநெல்வேலியில் தாமிர சபை. குற்றாலத்தில் சித்திர சபை. பின்னதில் இறைவன் விக்கிரகமாக அன்றி ஓவியமாகவே ஆடுகிறான். செம்புக் கம்பி வழியே படம் வரவழைக்கும் கலைக்கு இவ்வளவு பழைய அடித்தளம் உள்ள நிலம் வேறில்லை. ஆயினும் இந்நிலத்துப் பொறியியல் மாணவர் 1.8 அங்குல வண்ணத் திரையை ஆர்டுயினோ உனோவுடன் இணைத்ததும் காண்பது வெறும் வெள்ளை. இம்முரணை ஆராய இதுவரை ஒருவரும் முன்வராதது அறிவுலகின் குறையே.

1. வெண்மை

திரை பழுது என்பர் ஒரு சாரார். அற்றன்று. இவ்வகைத் திரையில் மின்னழுத்தம் படாத திரவப் படிகம் ஒளியை மறைப்பதில்லை. பின்விளக்கின் வெளிச்சம் அப்படியே வெளியே வரும். ஆகவே வெண்மை நோயன்று. திரையிடம் யாரும் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை என்பதன் அடையாளம். ஆய்வுக்கூட மேசையில் இது பற்றி நிகழும் வாதம் வருமாறு:

"ஏல, லைட்டு எரியுதுல்லா? அப்பம் டிஸ்ப்ளே நல்லாத்தான இருக்கு?"

"லைட்டு எரிஞ்சா போதுமால? படம் வரணும்லா!"

இருவர் கூற்றும் மெய்யே.

புரோகிராம் பிழை என்பர் பிறிதொரு சாரார். அதுவும் பொருந்தாது. பெரும்பாலும் புரோகிராம் சரியாகவே ஓடிக்கொண்டிருக்கும். கேட்க ஆளில்லாமல் ஓடும். வயரே காரணம் என்பது எம் கட்சி. திரையின் எட்டு முனைகளில் இரண்டுக்கு எஸ்டிஏ, எஸ்சிஎல் என்று பெயர். உனோவிலும் அதே பெயரில் இரண்டு முனைகள் உண்டு. பெயர்ப் பொருத்தம் பார்த்து மாணவர் முடிச்சுப் போட்டுவிடுகிறார். ஆனால் உனோவின் அந்த முனைகள் பேசுவது ஐ2சி என்னும் தகவல்தொடர்பு முறை. திரை அறிந்ததோ எஸ்பிஐ என்னும் வேறொன்று. எஸ்டிஏ 11ஆம் முனைக்கும், எஸ்சிஎல் 13ஆம் முனைக்கும் போக வேண்டியவை. இடம் மாறியதைத் திரை எடுத்துச் சொல்லாதா எனின், சொல்லாது. பதில் சொல்லும் கம்பியே அதற்கு இல்லை. கேட்ட கேள்விக்கு எதிர்க்கேள்வி போடாமல் யாரும் நகராத இம்மாவட்டத்தில், வாய் திறக்காமல் கேட்டுக்கொள்ளும் ஒரே உருப்படி இதுவாகலாம்.

2. நிறம்

ஒரு புள்ளிக்கு 16 பிட். அதில் சிவப்புக்கு 5, நீலத்துக்கு 5, பச்சைக்கு மட்டும் 6; ஆக 65,536 நிறங்கள். மனிதக் கண் பச்சையின் நுண்வேறுபாடுகளைக் கூடுதலாக உணரும் என்பது காரணமாகக் கூறப்படும். காரும் பிசானமும் விளையும் வயல்களைப் பார்த்தவர்கள் இதற்குத் தனிச் சான்று கேட்கமாட்டார்கள்.

சிக்கல் சிவப்பும் நீலமும் இடம் மாறுவதில் வருகிறது. வரிசையை மாற்றிச் சொன்னால் திரை அப்படியே கீழ்ப்படியும். நெய் மினுங்கும் செம்பழுப்பு அல்வா நீலமாக வந்து நிற்கும். எவ்வரிசை என்பது திரையின் வகையைப் பொறுத்தது. திரையை மூடிவரும் மேலுறையின் நுனியில் பச்சை, சிவப்பு அல்லது கறுப்பில் ஒரு சிறு நாடா ஒட்டியிருக்கும். இத்திரையை இயக்கும் அடாஃப்ரூட் லைப்ரரி திரைகளை வகைப்படுத்துவது அந்நாடாவின் நிறத்தை வைத்தே. ஆதிச்சநல்லூரில் பானை ஓட்டுச் சில்லுக்குக்கூட எண் போட்டு வைக்கிறார்கள். அதே ஆற்றங்கரையில், திரையின் வகைக்கு உள்ள இச்சான்று கவர் பிரித்த கணமே குப்பைக்குப் போகிறது.

3. மறதி

128 × 160 புள்ளிகள் கொண்ட முழுப் படத்துக்கு 40,960 பைட் வேண்டும். உனோவின் நினைவகமோ 2,048 பைட். இருபதில் ஒரு பங்கு! எனவே உனோ வரையும், மறக்கும். திரையோ, மேலே வேறொன்று விழும்வரை பழையதை விடாது. இதன் விளைவை அணை நிலவரம் காட்டும் கருவியில் காணலாம். நீர்மட்டம் 100 அடியிலிருந்து 99க்கு இறங்குகிறது. பின்னணி நிறத்தோடு 99 என்று எழுதியதும் பழைய 100இன் கடைசிச் சுழி அருகிலேயே நிற்கிறது. திரையில் 990 அடி. பாபநாசம் அணையின் முழு உயரமே 143 அடி என்பதால், அகத்தியர் கமண்டலத்தைத் தூக்கிக்கொண்டு இன்னும் மேலே ஏற வேண்டியிருக்கும். பரிகாரம் எளிது: எண்ணுக்குப் பின் அதே பின்னணி நிறத்தில் ஒரு வெற்றிடத்தையும் அச்சிட்டால் போதும்.

4. எழுத்து

ஊர்ப் பெயரை எழுத ஆசைப்படாதார் இல்லை. 'நெல்லை' கண்ணுக்கு மூன்றெழுத்து. யூனிகோடில் ஆறு குறிகள். ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆகப் பதினெட்டு. லைப்ரரியோடு வரும் எழுத்துருவுக்குத் தமிழ் தெரியாது. பைட்டுக்கு ஒன்றாகப் பதினெட்டு விநோத உருக்களை ஒரே வரியில் வரிசையாக நிறுத்தும். எழுத்தைப் படமாக்கிக் கொடுப்பதே வழி.

இதற்கு முன்னோடி பத்தமடை. திருமணப் பாயில் மணமக்கள் பெயரை நெய்பவர் கோரைக்கு எழுத்துக் கற்பிப்பதில்லை. எந்த இழையில் எந்தச் சாயம் என்று முடிவு செய்கிறார். திரைக்கும் அவ்வளவே வேண்டும்: எந்தப் புள்ளி, எந்த நிறம்.

5. முடிபு

சொல்லாததால் வெள்ளை, வரிசை மாற்றிச் சொன்னதால் நீல அல்வா, அழிக்கச் சொல்லாததால் 990 அடி, புரியாத மொழியில் சொன்னதால் பதினெட்டு உருக்கள். நான்கிலும் திரை குற்றமற்றது என நிறுவப்பட்டது.

விடுதியில் இரவெல்லாம் ஓடிய திரை, தேர்வாளர் எதிரே வெளுத்துவிடுவது ஏன் என்ற வினா எஞ்சுகிறது. "நேத்து நல்லா ஓடிச்சு சார்" என்ற வாக்குமூலத்தை ஐயுறுவதற்கில்லை. டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த பிரெட்போர்டிலிருந்து ஜம்பர் வயர் நழுவுவதே காரணம் எனத் தெரிகிறது. அது சாலைப் பொறியியல் சார்ந்தது. இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.