ஓராள் உலை

ஒரு ஆளுக்குச் சமைப்பது சுலபம் என்று சொல்பவர்கள் எல்லாரும், நாலு பேர் உள்ள வீட்டில் யாரோ சமைத்ததைச் சாப்பிடுகிறவர்கள். எனக்கு இந்த ஓராள் சமையல் வாழ்க்கையில் இரண்டு தடவை வாய்த்தது. 1984இல் ஒரு தடவை, இப்போது மறு தடவை. நடுவில் ஒரு கூட்டுக் குடும்பம் வந்து போனது.

முதல் தடவை மணப்பாறையில். அரசு வங்கி ஒன்றில் எழுத்தர் வேலை, மாடியில் ஒற்றை அறை. ஜன்னலுக்குக் கீழே கிடந்த கடப்பைக்கல்தான் சமையலறை. அதன்மேல் நூதன் திரி ஸ்டவ். கேஸ் இணைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த காலம் அது. தனியாக இருக்கிற பெண்ணுக்கு ரேஷன் கார்டு ஏது? கீழ்வீட்டு அம்மா தன் கார்டில் வாங்கி மண்ணெண்ணெய் தருவார். அதற்கு வட்டியாக என் சமையலைப் பற்றித் தினமும் ஒரு கருத்து. “ஒத்த உசுருக்கு என்னம்மா, ஒரு கை அரிசியப் போட்டு இறக்குனா முடிஞ்சுது. இதுக்குப் போயி எம்புட்டு நேரம் ஸ்டவ்வ எரிப்ப?”

ஸ்டவ்வில் இருந்தது ஒரே தீ. அதனால் எது முதலில், எது பிறகு என்ற யோசனைக்கே இடமில்லை. பால், காபி, குக்கர், தாளிப்பு, ஆபீஸ். குக்கரில் அடியில் பருப்பு, நடுவில் காய், மேலே அரிசி என்று மூன்று அடுக்கு. ஏற்றுவதற்கு முன் அதன் அடிப்புறத்தில் சாம்பலை நீர்விட்டுக் குழைத்துப் பூசிவிட வேண்டும். கரி அதன்மேல் படிந்து, கழுவும்போது சாம்பலோடு வழிந்து போகும். பூசாமல் ஏற்றினால் சமைத்த நேரத்தைவிடத் தேய்க்கிற நேரம் அதிகம். சமையல் நேர நிர்வாகம் என்று இன்று வகுப்பெடுக்கிறார்களே, நான் கற்ற முதல் பாடம் இந்தச் சாம்பல்தான். யாரும் சான்றிதழ் தரவில்லை.

வாரத் திட்டத்தை நான் போடவில்லை. ஊரே போட்டுக் கொடுத்தது. புதன்கிழமை சந்தை. மாட்டுக்குப் பேர்போன சந்தை என்றாலும் காய்காரர்களும் சாக்கை விரித்து உட்கார்ந்திருப்பார்கள். புதனும் வியாழனும் கீரை, கத்திரிக்காய். வெள்ளியன்று வெங்காயம் இல்லாத குழம்பு, ஏனென்றால் கீழ்வீட்டுக்கு வாசனை போகும். சனி, ஞாயிறில் வாடாத காய் என்று வாழைக்காய், சேனை. செவ்வாய் வந்தால் காய் தீர்ந்திருக்கும். அன்றைக்குப் பருப்புத் துவையலும் சுட்ட அப்பளமும். தினசரிக் காலண்டர் தாளைக் கிழித்தால் அமாவாசையா கிருத்திகையா என்று தெரியும், மீதியை அது முடிவு செய்யும். ஃப்ரிட்ஜ் இல்லை. அதனால் ‘மிச்சத்தை என்ன செய்வது’ என்கிற தலைப்பே இல்லை. மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றினால் காலைச் சாப்பாடு தயார். அதை ஆபீசில் சொல்லக் கூச்சப்பட்டு, “இட்லி சாப்பிட்டேன்” என்பேன். அந்தப் பழையதைத்தான் பிற்பாடு சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் குடல் நோய்க்கு உதவுமா என்று ஆராய்ந்தார்களாம். முன்கூட்டியே தெரிந்திருந்தால் பெருமையாகவே சொல்லியிருப்பேன்.

ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தை வங்கியின் பேரேடு தீர்மானிக்கும். அப்போது எல்லாம் கைக்கணக்கு. சாயங்காலம் கணக்கு நேராகாமல் எழுந்து போக முடியாது. பத்துப் பைசா இடித்தாலும் தேட வேண்டும். சீக்கிரம் நேரானால் ரசம். இழுத்தால் ஸ்டேஷன் பக்கத்துக் கடை முறுக்கும் மோரும். ஜூன் 30, டிசம்பர் 31 இரண்டு நாளும் கணக்கு முடிப்பு, வங்கிச் செலவில் ஹோட்டலிலிருந்து பூரி கிழங்கு வரும். அந்த வருஷ முடிப்பையும் பிறகு மார்ச்சுக்கு மாற்றிவிட்டார்கள்.

மளிகைக் கடையில் நாலணாவுக்குக் கடுகு கேட்டால் பொட்டலம் மடித்துக் கொடுப்பார்கள். தேங்காய் சில்லாகக் கிடைக்கும். காய்க்காரம்மா நூறு கிராம் நிறுத்து, கறிவேப்பிலையும் நாலு இணுக்குக் கொத்தமல்லியும் கொசுறாகப் பையில் திணிப்பார். ஒற்றை ஆளும் வந்து வாங்குவார் என்று கடைத்தெருவுக்குத் தெரிந்திருந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு நடந்ததைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மாமியார் வீட்டில் அளவு படியில் தொடங்கும். ஆழாக்கு என்பது படியில் எட்டில் ஒன்று என்ற விஷயம் குழந்தைகளின் வாய்ப்பாட்டுக்குத்தான் பயன்பட்டது. சீரோடு ஒரு ‘சமைத்துப் பார்’ புத்தகமும் கொடுத்தனுப்பியிருந்தார்கள். மீனாட்சி அம்மாள் 1951இல் எழுதியது. புகுந்த வீடு போகிற பெண்ணுக்கு எல்லாம் சொல்லிக் கொடுக்கிற புத்தகம்; மறுபடியும் தனியாக ஆகிறவளுக்கு அதில் அத்தியாயம் கிடையாது.

இப்போது திருச்சி தில்லைநகரில் அடுக்குமாடி. மூன்று பர்னர் அடுப்பு, இண்டக்‌ஷன், மைக்ரோவேவ், மிக்ஸி, கோயம்புத்தூர் கிரைண்டர், இரண்டு கதவு ஃப்ரிட்ஜ். இத்தனையும் எனக்கு ஒருத்திக்கு. மணப்பாறையில் ஒற்றைத் தீயில் சமைத்து, சாப்பிட்டு, டப்பாவும் கட்டிக்கொண்டு ஒன்பதே முக்காலுக்குப் படியிறங்கியவள், இப்போது பதினோரு மணிக்கு என்ன சமைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவசரமாகப் போக வேண்டிய இடமும் இல்லை என்பது வேறு விஷயம்.

மகளுக்கு இது பொறுக்கவில்லை. பெங்களூரிலிருந்து ஒரு ஷீட் அனுப்பினாள். ஏழு நாள், மூன்று வேளை, இருபத்தொரு கட்டம், கட்டத்துக்கு ஒரு நிறம். புரதத்துக்கு மஞ்சள், நார்ச்சத்துக்குப் பச்சை. “ம்மா, ஞாயித்துக்கெழம ரெண்டு மணி நேரம் ஒதுக்கு. எல்லாக் காயையும் வெட்டி டப்பால போட்டு வச்சிடு. வாரம் பூரா நீ ஃப்ரீ.” வாரம் பூரா ஃப்ரீயாக இருந்துகொண்டு நான் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு ஷீட்டில் கட்டம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வெட்டிய பீன்ஸ் புதனன்று ஓரம் பழுத்துப் போகிறது. சௌசௌ டப்பாவுக்குள் வியர்க்கிறது. கத்திரிக்காயை முன்கூட்டி வெட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஷீட்டை எழுதியவர் கத்திரிக்காய் இல்லாத தேசத்துக்காரராக இருக்க வேண்டும்.

பெரிய சிக்கல் சாம்பார். அது ஒருவருக்கு ஆகிற பண்டமே இல்லை. நெல்லிக்காயளவு புளியைக் கோலிக்குண்டளவாகக் குறைக்கலாம், பருப்பைக் கைப்பிடியில் பாதியாக்கலாம். ஆனால் முருங்கைக்காயின் வாசனை குழம்பில் இறங்க ஆகிற நேரம் குறையாது. அதற்குள் கால் டம்ளர் சாம்பார் சுண்டிக் கூட்டாகிவிடும். தண்ணீர் விட்டால் நீண்டுவிடும். நீண்டது செவ்வாயன்று சாம்பார் சாதம், புதனன்று சாம்பார் இட்லி. சட்னியும் அப்படித்தான். மிக்ஸியின் சின்ன ஜாரிலேயே இரண்டு ஸ்பூன் தேங்காயும் ஒரு மிளகாயும் போட்டுச் சுற்றினால் பாதி மூடியில் ஒட்டும், பாதி சுவரில் ஒட்டும். பிளேடு காற்றில் சுற்றிக்கொண்டிருக்கும். வழித்து இறக்கி, சொட்டுத் தண்ணீர் விட்டு, மறுபடி சுற்றி, மறுபடி வழித்து எடுக்கிற சட்னிக்கு ஆகிற நேரத்தில் ஆறு பேருக்கு அரைத்திருக்கலாம்.

ஷீட்டைப் பார்க்கும்போது எனக்கு அப்பாயிதான் ஞாபகத்துக்கு வருகிறார். அவர் திட்டம் போட்டது வருஷத்துக்கு. சித்திரை வெயிலில் வற்றல், வடகம். தையில் புதுப்புளி வந்தால் கொட்டை நீக்கி உப்புப் போட்டுச் சட்டியில் அடைப்பார். அம்மா மாசத்துக்கு: முதல் தேதி மளிகை லிஸ்ட், முப்பதாம் தேதி டப்பாவைத் தட்டிப் பார்ப்பது. நான் சந்தைக்குச் சந்தை. மகளுக்கு அதுவும் அதிகம். பெங்களூரில் பத்து நிமிஷத்தில் வெங்காயம் வாசலுக்கு வந்துவிடுகிறது. யோசிக்கிற தூரம் வருஷத்திலிருந்து பத்து நிமிஷத்துக்குச் சுருங்கியிருக்கிறது. ஆனால் திட்டமிடுவது எப்படி என்று அவர்களிடம்தான் பாடம் கேட்க வேண்டியிருக்கிறது.

ஷீட்டோடு ஒரு கருவியும் வந்தது. மின்சாரத்தில் ஓடும் அடுக்கு டப்பா. தண்ணீர் ஊற்றி, கிண்ணங்களில் அரிசி, பருப்பு, காய் வைத்துப் பொத்தானை அழுத்தினால் ஆவியில் வெந்துவிடும். புதுக் கண்டுபிடிப்பு என்றாள் மகள். 1910இல் கல்கத்தா மருத்துவர் இந்துமாதவ் மல்லிக் கண்டுபிடித்த இக்மிக் குக்கர் இதுதான், கீழே கரி, மேலே அடுக்கு. நம் பக்கத்தில் ருக்மணி குக்கர் என்று இருந்ததும் அந்த ஜாதிதான். பட்டணத்தில் தனியாக இருந்த ஆண்கள் வைத்துவிட்டு வேலைக்குப் போய், வந்து சாப்பிடுவார்களாம். கரிக்குப் பதில் ஒயர், வித்தியாசம் அவ்வளவே. இருந்தாலும் மகளிடம், “அருமையான கண்டுபிடிப்பும்மா” என்றேன்.

உண்மையில் தமிழ்நாட்டில் வாரத் திட்டம் என்று ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, அதற்கு ஷீட் தேவையில்லை. அதன் பெயர் மாவு. நாலுக்கு ஒன்று உளுந்து, கொஞ்சம் வெந்தயம். அரைக் கிலோ அரிசிக்குக் குறைந்தால் என் கிரைண்டரில் கல் சுற்றுமே தவிர மாவு சிக்காது. பொங்கின மறுநாளும் அதற்கடுத்த நாளும் இட்லி. மூன்றாம் நாள் தோசை. கொஞ்சம் புளித்ததும் வெங்காயம் தூவிய ஊத்தப்பம். இன்னும் புளித்தால் கடுகு, கடலைப்பருப்பு தாளித்துக் கொட்டிக் குழிப்பணியாரம். கடைசிக் கரண்டி மாவில் ரவையைக் கலந்து கரைத்து ஊற்றினால் ரவா தோசை. ஒவ்வொரு நாளும் என்ன செய்வது என்பதை மாவின் புளிப்பே சொல்கிறது. நாம் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தால் போதும். இதை மகளிடம் சொன்னபோது, “அப்ப புரதம்?” என்றாள். உளுந்தை என்னவென்று நினைத்தாளோ.

இருந்தும் மாவும் சில ராத்திரிகளில் உதவுவதில்லை. எனக்கு மட்டும்தானே என்று ஒரு நினைப்பு வரும். மோர்சாதம், நார்த்தங்காய் ஊறுகாய், அதோடு விளக்கை அணைத்துவிடலாம் என்று தோன்றும். தனியாக இருக்கும் பெண்கள் பலர் இப்படியே வாரத்தைத் தள்ளுவதை என் தோழிகளிடமே பார்க்கிறேன். ஆண்கள் அப்படியில்லை; மெஸ் எங்கே என்று விசாரித்துப் போய்விடுகிறார்கள். ஆறு பேருக்குச் சலிக்காமல் பொரியலுக்குத் தேங்காய் துருவியவள், தனக்கென்று வரும்போது துருவியைக் கையில் எடுப்பதில்லை. இந்தச் சிக்கனம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆகவே ஒரு காயாவது தாளிக்காமல் நான் இலையில் உட்கார்வதில்லை. இலை என்பது பேச்சுக்கு, எவர்சில்வர் தட்டுதான்.

ஷீட் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. மகள் வீடியோவில் பேசும்போது பின்னால் தெரிகிற இடம் பார்த்து ஒட்டினேன். புதன்கிழமை வந்தால் இப்போதும் கால் கடைத்தெருவுக்குக் கிளம்புகிறது. தென்னூர் உழவர் சந்தையில் நூறு கிராம் கேட்டால் இன்றைக்கும் நிறுத்துக் கொடுக்கிறார்கள். செல்போனில் வாங்கினால் கொத்தமல்லி கட்டாகத்தான் வரும். ஒரு கட்டைத் தனி ஆள் தீர்ப்பதற்குள் அது தானே தீர்ந்துவிடும். காய்க்கு ஆகிற பணத்தைவிட, இத்தனை ரூபாய்க்கு வாங்கினால்தான் இலவச டெலிவரி என்கிற கணக்குக்காக வாங்குகிற பிஸ்கட்டின் விலை அதிகம்.

எங்கள் குடியிருப்பில் தனியாகச் சமைப்பவள் நான் மட்டுமல்ல. இரண்டாம் மாடியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், நாலாம் மாடியில் ஐ.டி. பையன், எதிர் பிளாக்கில் என் வயதில் இன்னொருவர். பக்கத்து வீட்டார் நல்லவர்கள். விசேஷம் என்றால் கதவைத் தட்டி ஒரு தூக்கு நிறையச் சாம்பார் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். வாங்கி வைக்கிறேன், ஏற்கெனவே இருக்கிற சாம்பாருக்குப் பக்கத்தில். அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். தனி ஆளுக்கு ஏதாவது கொடுக்கத் தோன்றினால் சமைத்ததைக் கொடுக்காதீர்கள். அரை முருங்கைக்காய், கால் மூடித் தேங்காய், நாலு இணுக்குக் கொத்தமல்லி கொடுங்கள். அதைத்தான் எந்தக் கடையிலும் எங்களால் வாங்க முடியவில்லை.