ஐந்துக்கும் ஐந்தரைக்கும் நடுவே

கிதாருக்கு வால்வு ஆம்ப்ளிஃபையர்தான் வேண்டுமா என்று கேட்கிறவர்களிடம் நான் வாதம் செய்வதில்லை. ஜெயிக்க முடியாது. கனம் அதிகம், சூடு அதிகம், விலை அதிகம்; சுவிட்சைப் போட்டால் அரை நிமிஷம் யோசித்துவிட்டுத்தான் வாயைத் திறக்கும். ஊரெல்லாம் டிரான்சிஸ்டருக்கும் சிப்புக்கும் மாறி அரை நூற்றாண்டு ஆன பிறகும் கிதார்க்காரர்கள் மட்டும் இந்தக் கண்ணாடிக் குமிழ்களைக் கட்டிக்கொண்டு மாரடிப்பதற்குக் காரணம் ஒன்றுதான். வால்வை அதன் சக்திக்கு மேல் விரட்டினால் அது ஒலியலையின் தலையைச் சடாரென்று வெட்டாது. மழுக்கி, வழித்து, கொஞ்சம் கரகரப்பாக்கித் தரும். அந்தக் கரகரப்புக்குத்தான் இவ்வளவு காசு. ஒழுங்காக வேலை செய்யாததற்காகவே ஆசைப்பட்டு வாங்குகிற பெட்டி இது. அது நிஜமாகவே பழுதாகிவிட்டால் எப்படிக் கண்டுபிடிப்பது?

என்னுடைய பெட்டி அந்தச் சிரமத்தை எனக்கு வைக்கவில்லை. கிதாரைச் செருகுவதற்கு முன்பே பாடியது.

கல்யாணக் கச்சேரிகளில் வாசித்து ஓய்ந்த ஒரு மெல்லிசைக் குழுக்காரரிடம் வாங்கியது. பதினைந்து வாட். பின்பக்கம் எட்டிப் பார்த்தால் இஎல்84 இரண்டு, இசிசி83 மூன்று. மேற்கு மாம்பலத்தில் நாங்கள் குடியிருக்கும் மாடிப் போர்ஷனுக்கு வந்ததிலிருந்து மூன்று விதமான சத்தம். சுவிட்சைப் போட்டதும் ‘ம்ம்ம்’. கிதாரைச் செருகினால் அதற்கு மேல் ‘ர்ர்ர்’. திருகு எதையாவது தொட்டால் உள்ளேயிருந்து ‘ணங்’.

ஆலோசனைக்குப் பஞ்சமில்லை. அலுவலகத்தில் பேஸ் கிதார் வாசிக்கும் நண்பன், எல்லா வால்வையும் மொத்தமாக மாற்று என்றான். காசு கொடுக்கப் போவது அவன் இல்லை. எதிர் போர்ஷன் மாமா, நான் கிதாரோடு கிழக்கு பார்த்து உட்கார்ந்தால் இரைச்சல் குறைவதைக் கண்டுபிடித்து, வாஸ்து என்று தீர்ப்பளித்தார். மனைவி மட்டும், “எந்தச் சத்தத்தை நிறுத்தப் போறீங்க?” என்று கேட்டாள். கேள்வியின் உள்ளர்த்தத்துக்குள் நான் போகவில்லை.

கீழ் வீட்டுப் பாட்டு டீச்சர் மாமி ஒரு சாயங்காலம் படியேறி வந்தார்.

“ஏம்பா, உங்காத்துலேர்ந்து ஒரு சத்தம் வர்றதே, அது என்ன ஸ்ருதி?”

“ஸ்ருதி இல்லை மாமி, ரிப்பேர்.”

“அஞ்சு கட்டைன்னா அஞ்சு கட்டையா இருக்கணும். அஞ்சரைன்னா அஞ்சரை. இது ரெண்டுக்கும் நடுவுல நின்னுண்டு பிராணனை வாங்கறது. கொழந்தைகள் தம்பூராவை விட்டுட்டு அதைப் புடிச்சுண்டு பாடறதுகள்!”

மாமியின் காது லேசுப்பட்டதில்லை. நம் ஊர்க் கரண்டு 230 வோல்ட், நொடிக்கு 50 சுழற்சி. ஆம்ப்ளிஃபையருக்குள் அதை நேர்மின்சாரமாக மாற்றும்போது அலையின் இரண்டு பாதியும் ஒரே பக்கம் மடக்கப்படுவதால் 50 என்பது 100 ஆகிவிடும். ஐந்து கட்டை ஸ்ருதியின் கீழ் ஸ்தாயி ஷட்ஜம் 98 ஹெர்ட்ஸ். ஐந்தரையுடையது 104-க்குச் சற்றுக் குறைவு. என் பெட்டி இரண்டுக்கும் இடையில் 100-ல் நின்றது. அமெரிக்காவில் கரண்டுக்கு 60 சுழற்சி. அங்கே பழுதாகும் பெட்டிகள் 120-ல், அதாவது ஆறரைக் கட்டைக்கும் ஏழு கட்டைக்கும் நடுவில் இரையும். அந்த ஊர்ப் பாட்டு டீச்சர்களுக்கும் நிம்மதி கிடையாது.

எதிர் போர்ஷன் மாமாவே ஒரு ரேடியோ மெக்கானிக்கைப் பிடித்துக்கொடுத்தார். பெரியவருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். கடையை மூடி வெகுகாலம் ஆகிறது. மஞ்சள் பையில் மல்டிமீட்டரும் சால்டரிங் அயர்னுமாக வந்தார். பெட்டிக்குப் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வேட்டி நுனியால் ஒரு வால்வின் தூசியைத் துடைத்து எழுத்தைப் படித்தார்.

“அட, இஎல்84! நம்ம ரேடியோ வால்வு தம்பி இது.”

உண்மைதான். 1950களில் ஐரோப்பாவில் வீட்டு ரேடியோக்களுக்கும் ரேடியோகிராம்களுக்கும் என்று பிறந்த வால்வு. இங்கிலாந்தில் டார்ட்ஃபோர்டில் டிக் டென்னி என்பவர் அதில் நான்கைப் போட்டு வாக்ஸ் ஏசி30 என்ற கிதார் பெட்டியை வடிவமைத்தார். பீட்டில்ஸ் அதை வைத்துக்கொண்டு உலகத்தையே கூச்சல் போட வைத்தார்கள். 1961-ல் பெங்களூருவில் பாரத் எலெக்ட்ரானிக்ஸும் ரேடியோ வால்வுகள் தயாரிக்கத் தொடங்கியது. லிவர்பூல் பையன்களுக்கு அலறிக் கொடுத்த அதே குலத்து வால்வுகள் இங்கே ரேடியோவுக்குள் உட்கார்ந்து மாநிலச் செய்திகள் வாசித்துக்கொண்டிருந்தன.

நான் ஸ்க்ரூடிரைவரை நீட்டினேன். பெரியவர் வாங்கவில்லை.

“திறக்கிறது கடைசி தம்பி. முதல்ல சத்தம் எங்கே இல்லைன்னு பார்ப்போம்.”

கிதாரைப் பிடுங்கச் சொன்னார். ‘ர்ர்ர்’ நின்றது. “அப்போ இது பெட்டியோடது இல்லை. வெளியிலேர்ந்து கிதார் வழியா வருது” என்றபடி அண்ணாந்து பார்த்தார். ஃபேன் இரண்டில் ஓடிக்கொண்டிருந்தது. கிதாரை மறுபடி செருகி, ரெகுலேட்டரை ஐந்துக்குத் திருப்பச் சொன்னார். ‘ர்ர்ர்’ இல்லை. இரண்டுக்குத் திருப்பினால் வந்துவிட்டது.

எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் ஃபேனின் வேகத்தைக் குறைப்பது கரண்டை நறுக்கித்தான். ஒவ்வொரு நொடியும் நூறு நறுக்கு. ஒவ்வொரு நறுக்குக்கும் அக்கம்பக்கமெல்லாம் இரைச்சல் தெறிக்கும். கிதார் பிக்கப்போ, காந்தத்தைச் சுற்றித் தலைமயிரைவிட மெல்லிய கம்பியை ஏழெட்டாயிரம் சுற்றுச் சுற்றிய சுருள். தந்தியின் அசைவைப் பிடிக்க வைத்த சுருள், வழியில் வருகிற இரைச்சலையும் சேர்த்துப் பிடிக்கிறது. சுருளைத் திருப்பினால் பிடிப்பது கூடும், குறையும். கிழக்கின் மகிமை இவ்வளவுதான். மாமாவிடம் விளக்கினேன். “எப்படியோ, கிழக்குன்னு சொன்னது சரிதானே?” என்றார்.

இதற்கு ஒரு நிரந்தர மருந்து உண்டு. கிப்ஸன் கம்பெனியின் சேத் லவர் 1955-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஹம்பக்கர்: இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து, வெளி இரைச்சல் தன்னைத்தானே அடித்துக்கொள்ளும்படி செய்வது. அதற்கு வேறு கிதார் வாங்க வேண்டும். அந்தப் பேச்சை வீட்டில் எடுக்கவில்லை. ஃபேனை ஐந்தில் வைத்தால் தாள்கள் பறக்கின்றன. நிறுத்தினால் மே மாதம் தெரிகிறது.

கிதாரைக் கீழே வைக்கும் முன் பெரியவர் சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்து ஆறாவது தந்தியில் வைத்தார். அதற்குள்ளிருந்த பொடி பல்ப் சிவப்பாக எரிந்தது.

“தம்பி பாடுவீங்களா?”

“இல்லைங்க.”

“நல்லது. எர்த் ஆன மைக்ல வாயை வெச்சிருந்தீங்கன்னா பாட்டு அதோட முடிஞ்சிருக்கும்.”

ஹாலில் இருந்தது மூன்று துளை பிளக் பாயின்ட்தான். மூன்றாவது துளைக்குப் பின்னால் வயர் இல்லை, வெறும் அலங்காரம். பெரியவர் மல்டிமீட்டரோடு அறை அறையாகப் போய்ப் பார்த்தார். போர்ஷன் முழுக்க எர்த் இருந்தது ஒரே இடத்தில்: சமையலறையில், கிரைண்டர் பாயின்டில். ஆகவே ஆராய்ச்சிக்கூடம் அங்கே மாறியது. ஊறிக்கொண்டிருந்த அரிசியும் உளுந்தும் ஒரு பக்கம் ஒதுக்கப்பட்டன. மனைவி பாத்திரங்களை வைத்த சத்தம் ஆம்ப்ளிஃபையர் உதவி இல்லாமலே கேட்டது.

அடுத்தது ‘ம்ம்ம்’. வால்யூமைப் பூஜ்யத்துக்கு இறக்கினார். சத்தம் இம்மிகூடக் குறையவில்லை. இது நல்ல செய்தி. வால்யூமோடு சேர்ந்து ஏறி இறங்கினால் கோளாறு அதற்கு முன்னால் இருக்கிறது என்று அர்த்தம். இறங்கவே இல்லை என்றால் பின்னால். ஒரு குமிழைத் திருகியதில் பாதிப் பெட்டி நிரபராதி ஆகிவிட்டது.

“இது 50-ஆ, 100-ஆன்னு தெரிஞ்சா போதும். 50-ன்னா வால்வோட ஹீட்டர் வயரிங், எர்த் வயரிங் பார்க்கணும். 100-ன்னா கண்டன்சர். என் காது இப்ப அவ்வளவு சொல்லாது.”

மாமி வரவழைக்கப்பட்டார். பெரியவர் வால்யூமைக் கொஞ்சம் ஏற்றி, கேபிளின் நுனியை விரலால் தொட்டார். வீட்டுச் சுவர்களில் ஓடும் கரண்டை நம் உடம்பு ஆன்டெனாவாகப் பிடிக்கும். அது அசல் 50. “இதைக் கேட்டுக்கோங்கம்மா” என்றார். விரலை எடுத்தார். “இப்ப பெட்டி தானா போடறது?”

மாமி கண்ணை மூடிக்கொண்டார். “அதே ஸ்வரம்தான். ஆனா ஒரு ஸ்தாயி மேல.”

“கண்டன்சர்” என்று பெரியவர் ஸ்க்ரூடிரைவருக்குக் கை நீட்டினார்.

வால்வு ஆம்ப்ளிஃபையரின் வயிற்றைத் திறப்பது விளையாட்டில்லை. உள்ளே முந்நூறு வோல்ட்டுக்கு மேல் நேர்மின்சாரம் ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கினாலும் பெரிய கண்டன்சர்கள் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு ஆளுக்காகக் காத்திருக்கும். பெரியவர், உறை போட்ட கிளிப்பில் மாட்டிய ஒரு ரெசிஸ்டர் வழியாக அதை வடித்தார். வடிந்துவிட்டதா என்று மீட்டரில் பார்த்தார். பிறகு இன்னொரு முறை பார்த்தார். இந்த வேலையில் ஒரு கையைப் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொள் என்பது உலகம் முழுக்க உள்ள விதி. ஒரு கையில் ஏறி மறு கையில் இறங்கும் ஷாக், நடுவில் நெஞ்சைத் தொட்டுக்கொண்டு போகும். வேட்டிக்கு ஏது பாக்கெட்? பெரியவர் இடது கையை முதுகுக்குப் பின்னால் மடித்துக்கொண்டு, பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் போலக் குனிந்து பார்த்தார். இரண்டு கண்டன்சர்களின் தலை உப்பி, அடியில் பழுப்பாகக் கசிந்து காய்ந்திருந்தது. அலையை வழித்து நேராக்க வேண்டியவை, வயதாகி வறண்டு வேலையை நிறுத்தியிருந்தன.

47 மைக்ரோஃபாரட், 450 வோல்ட் என்று எழுதிக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போனேன். முதல் கடைப் பையன், “எந்த மாடல் போனுக்குண்ணே?” என்றான். அடுத்தவன் 25 வோல்ட்டில் ஒன்றைக் கொடுத்து, “இதுவே தாங்கும்” என்றான். தாங்காது, வெடிக்கும். கடைசியில் சந்துக்குள் ஒரு பெரியவர் பரணிலிருந்து டப்பாவை இறக்கி, தேதி புதிதாக இருக்கிறதா என்று நான் கேட்பதற்கு முன்பே திருப்பிக் காட்டினார். கண்டன்சர் பழசாகக் கூடாது என்று தெரிந்தவர்.

பற்றவைத்து சுவிட்சைப் போட்டதும் ‘ம்ம்ம்’ இல்லை. கீழிருந்து மாமியின் குரல், தம்பூராவோடு மட்டும் சேர்ந்து கேட்டது.

மிச்சம் ‘ணங்’. இதற்கு மரக்குச்சி வேண்டும். நான் பென்சிலை எடுத்தேன். “வேணாம் தம்பி. உள்ள இருக்கிறது கரி, கரண்டு பாயும்.” நூடுல்ஸ் பார்சலோடு வந்து, எங்கள் வீட்டில் யாருக்கும் பிடிக்கத் தெரியாததால் டிராயரில் கிடந்த மூங்கில் குச்சி ஒன்று கிடைத்தது. சமையலறை விளக்கை அணைத்தார். ஐந்து வால்வுகளின் நடுவிலும் ஆரஞ்சுக் கங்கு. தலையில் வெள்ளிப் பூச்சு பளபளத்தது. அது வெள்ளி நிறமாக இருக்கும்வரை உள்ளே வெற்றிடம் பத்திரம்; பால் வெள்ளையாகிவிட்டால் காற்றுப் புகுந்துவிட்டது, தூக்கிப் போட வேண்டியதுதான். ஒவ்வொரு வால்வையும் குச்சியால் மெல்லத் தட்டிக்கொண்டே வந்தார். டொக். டொக். முதல் இசிசி83-ஐத் தொட்டதும் ஸ்பீக்கரில் ‘ணங்’.

அதற்குள் இருக்கும் கம்பிவலை தளர்ந்து, வால்வே மைக்காகியிருந்தது. முதல் இடத்து வால்வு முணுமுணுத்தால் பின்னால் வருகிற அத்தனை பேரும் அதைப் பெரிதாக்குவார்கள். புதிது வாங்கவா என்று கேட்டேன். பெரியவர் சுவிட்சை அணைத்து, ஆறவிட்டு, முதல் வால்வையும் மூன்றாம் வால்வையும் பிடுங்கி இடம் மாற்றினார். மூன்றும் ஒரே வகைதானே. பவர் வால்வுகளுக்குப் பக்கத்தில் இருக்கும் மூன்றாம் இடத்தில் அது என்ன முணுமுணுத்தாலும் பெரிதாக்க ஆள் கம்மி. வேலை நீக்கம் இல்லை, இடமாற்றம். நம் நாட்டில் பரீட்சித்துப் பார்த்த முறை.

மாமி மேலே வந்து காதை வைத்தார். “‘ஸ்ஸ்’ன்னு இன்னும் ஏதோ வர்றதே?”

அது போகாது. எந்த ரெசிஸ்டரும் சூடு இருக்கிறவரை சும்மா கிடந்தாலே சலசலக்கும். உள்ளே எலெக்ட்ரான்கள் அலைந்துகொண்டே இருக்கின்றன. பெல் ஆய்வகத்தின் ஜான்சன் இதை அளந்து சொல்ல, நைக்விஸ்ட் கணக்குப் போட்டுக் காட்டினார். இரண்டு கட்டுரைகளும் 1928-ல் வெளிவந்தன. பெரியவர் இதைச் சுருக்கமாகச் சொன்னார்: “அதுக்கு ஸ்ருதி கிடையாதும்மா.”

“அப்பச் சரி” என்று மாமி இறங்கிப் போனார்.

கணக்குப் பார்த்தால் பெட்டியின் குற்றம் இரண்டு, வீட்டின் குற்றம் இரண்டு. சத்தம் போட்டது பெட்டி மட்டும் என்பதால் பழி முழுக்க அதற்கு. வீட்டுக்காரரிடம் ஹாலில் எர்த் இல்லை என்றேன்.

“எத்தனையோ பேர் குடியிருந்திருக்காங்க, ஒருத்தரும் சொன்னதில்லையே. இந்தப் பெட்டி வந்தப்புறம்தான் எர்த் இல்லை.” பிறகு இரக்கப்பட்டு, “கிரைண்டர் பாயின்ட்ல இருக்குல்ல? அங்கேயே வாசிச்சுக்கோங்க” என்றார்.

வாசித்தேன். ஒரு பக்கம் கிரைண்டர், ஒரு பக்கம் ஃப்ரிட்ஜ், நடுவில் ஸ்டூலில் நான். அந்த வாரமே என் மனைவி வீட்டுக்காரரைப் பார்க்கப் போனாள். என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. இரண்டாம் நாள் எலெக்ட்ரீஷியன் வந்து ஹாலுக்கு எர்த் இழுத்துவிட்டுப் போனார், வாடகை ஏறவில்லை.

ஃபேன் ரெகுலேட்டரை, கரண்டை நறுக்காத கண்டன்சர் வகைக்கு மாற்ற வேண்டியது பாக்கி. நான் போய்க் கேட்பதாக இல்லை. கிதாரோடு இன்னும் இரண்டு சாயங்காலம் சமையலறையில் உட்கார்ந்தால் போதும்.