ரெப் சொன்னால் போதுமா?

கேள்வி: தி.நகரில் தனியாகக் கிளினிக் நடத்தும் டாக்டருக்குப் புதிய சிகிச்சை விவரங்களை யார் சொல்வது? மருந்து கம்பெனி ரெப்தானா?
— மயிலாப்பூர் வாசகர்

பதில்: ரெப் நல்ல பிள்ளைதான். ஆனால் தன் கம்பெனி மாத்திரை வேண்டாம் என்று எந்த ரெப்பும் சொல்லமாட்டார்! அதைச் சொல்வது காக்ரேன் நூலகம். உலகெங்கும் நடந்த மருத்துவச் சோதனைகளைத் திரட்டி, எது பலன் தருகிறது, எது தரவில்லை என்று சலித்துச் சொல்லும் ஆய்வுத் தொகுப்பு அது. மருந்து கம்பெனிக் காசை அதைத் தொகுப்பவர்கள் தொடுவதில்லை. 2007-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) நாட்டுக்கே சந்தா கட்டியதால், இந்தியாவில் இன்டர்நெட் உள்ள எவராலும் அதை முழுதாகப் படிக்க முடிந்தது. அந்த முயற்சியில் முன்நின்றது நம் வேலூர் சி.எம்.சி.யில் இயங்கிய காக்ரேன் மையம். எளிய சுருக்கங்கள் பல தமிழிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. டாக்டருக்கு நேரமில்லையென்றால் நோயாளியே படித்துக் காட்டலாம்!

மற்ற ஆய்விதழ்களின் கதை வேறு. அவற்றுக்காக 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மத்திய அரசு மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. சுமார் 13,000 ஆய்விதழ்கள்! அரசுக் கல்லூரிகளுக்குக் கதவு திறந்தது. அடையாறு தெருமுனையில் ராத்திரி பத்து மணிவரை ஜுரம் பார்க்கும் டாக்டருக்குத் திறக்கவில்லை. ஜுரம் அரசு, தனியார் என்று பார்த்தா வருகிறது? நம் வரிப்பணத்தில் கட்டிய சந்தா, பதிவுபெற்ற ஒவ்வொரு டாக்டரின் செல்போனுக்கும் வரவேண்டும். மெடிக்கல் கவுன்சில் பதிவு எண்ணையே அனுமதிச் சீட்டாக அரசு ஏற்றுக்கொள்ளட்டும்.