தொரப்பள்ளிக்காரருக்கு ஒரு சால்வை

ஓசூர்ப் பக்கம் முன்னாள் எம்.எல்.ஏ. ஒருவருக்குச் சேவை விருது என்றால் நடைமுறை எல்லாருக்கும் தெரியும்: கல்யாண மண்டபம், கூலிங்கிளாஸ் போட்ட பிளெக்ஸ், முகம் மறையும் அளவுக்குச் சால்வை. செலவு யாருடையது என்று கேட்பது நாகரிகம் இல்லை.

இந்த மண்ணில் நிஜமாகவே பெரிய விருது வாங்கியவர், தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த ராஜாஜி. 1952-இல் தேர்தலில் நிற்காமலே, ஆளுநர் நியமித்த மேலவை உறுப்பினராக முதல்வர் ஆனார். 1954-இல் குலக்கல்வி எதிர்ப்பில் நாற்காலி போனது. அதே ஆண்டு பாரத ரத்னா வந்தது, முதல் மூவரில் ஒருவராக. டெல்லிக்காரர்கள் கெட்டிக்காரர்கள்.

சேவைக் கணக்குக்கு வருவோம். 1937-இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு கொண்டுவந்தார். ஓசூர் அன்று அந்த மாவட்டம்தான். போன கலால் வருமானத்தை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி போட்டார். மதுவிலக்கை 1971-இல் ஒத்திவைத்தார்கள். பிறகு அது வந்தது, போனது. 2003 முதல் சில்லறைக் கடையும் டாஸ்மாக் கையில், அதாவது அரசின் கையில். போதாததற்கு ஜூஜுவாடி தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகச் சரக்கு. ஷிப்ட் முடிந்து கிளம்பும் சிப்காட் பைக்குகளுக்கு யாரும் வழி சொல்ல வேண்டியதில்லை.

வரி மட்டும் சாகவில்லை. மதுவை நிறுத்தியதற்காகப் போட்ட விற்பனை வரி, இன்று ‘வாட்’ என்ற பெயரில் மது பாட்டில் மீதே விழுகிறது. ஜி.எஸ்.டி.கூட அதைத் தொடவில்லை.