பரண் மேல் தரவு மையத்துக்கு அந்தஸ்து கோரும் விண்ணப்பம்

அனுப்புநர்:
உரிமையாளர், தலைமைப் பொறியாளர், இரவுக் காவலர் (மூவரும் ஒருவரே),
பரண் தரவு மையம்,
சடையங்குப்பம், மணலி மண்டலம், சென்னை.

பெறுநர்:
உட்கட்டமைப்புப் பட்டியலைப் பராமரிக்கும் அதிகாரி அவர்கள்,
பொருளாதார விவகாரங்கள் துறை, நிதி அமைச்சகம், புது தில்லி.

பொருள்: 5 வாட் தரவு மையத்துக்கு உட்கட்டமைப்பு அந்தஸ்து வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: (1) 2022 பிப்ரவரி 1 அன்று படிக்கப்பட்ட நிதிநிலை அறிக்கை. (2) 2022 அக்டோபர் மாத அரசிதழ் அறிவிப்பு.

ஐயா / அம்மையீர்,

பார்வை 1இல் கண்ட உரையில், தரவு மையங்களும் இனி சாலையும் துறைமுகமும் இருக்கும் பட்டியலில் சேரும் என்று அறிவித்தீர்கள். பார்வை 2இல் அதற்கு ஓர் அளவும் வைத்தீர்கள்: தனிக் கட்டடம் இருக்க வேண்டும், கணினிச் சுமை குறைந்தது 5 மெகாவாட் இருக்க வேண்டும். அந்தஸ்து கிடைத்தால் நீண்ட காலக் கடன் சுலபமாகும், வெளிநாட்டிலும் கடன் வாங்கலாம் என்கிறார்கள். எனக்கு வெளிநாட்டுக் கடன் வேண்டாம்; முக்குக் கடை பாக்கியே போதும். அந்தஸ்து மட்டும் கொடுத்தால் சரி.

என் மையத்தின் சுமை 5 வாட். உங்கள் அளவில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 5 என்ற எண்ணாவது ஒத்துப்போகிறது என்பதைக் கருணையோடு கவனிக்க வேண்டுகிறேன். பத்து லட்சம் குடும்பங்கள் ஆளுக்கொன்று வைத்தால் நீங்கள் கேட்கும் 5 மெகாவாட் வந்துவிடும். ஆனால் எல்லாம் ஒரே கட்டடத்தில் இருக்க வேண்டுமாம். அவ்வளவு பெரிய கட்டடத்துக்குக் காலி இடம் எங்கே என்று தேடினால், வழக்கம்போல எங்கள் எண்ணூர்ப் பக்கம்தான் கை காட்டுவார்கள். ஆகவே அந்த யோசனையை நானே கைவிட்டேன்.

எங்கள் ஊருக்கு இந்த மையம் எதற்கு என்று கேட்பீர்கள். 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்த ஊர் இது. அதற்கு முன்பே கொசஸ்தலை ஆற்றோடு சேர்ந்துவிட்டது. மழைக்காலத்தில் ஆறு பெருகினால் தண்ணீர் வீட்டுக்குள் வரும். பட்டா, ரேஷன் கார்டு, பிள்ளைகளின் மதிப்பெண் சான்று, கல்யாண ஆல்பம் எல்லாம் ஊறிப்போன வீடுகள் இங்கே நிறைய. காய்ந்த பிறகு ஆல்பத்தின் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் மாப்பிள்ளையின் முகம் பெண்ணின் முகத்தோடு உரிந்து வரும். அதனால் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஓர் இடத்தில் வைக்கலாம் என்று முடிவெடுத்தோம். கூகுளில் போட்டால் என்ன என்றால், படங்களுக்கு எல்லையில்லாத இலவச இடம் 2021 ஜூன் 1ஓடு முடிந்துபோனது. 15 ஜிபி என் அக்கா பெண்ணின் ஒரு மஞ்சள் நீராட்டு விழாவுக்கே பற்றவில்லை.

சாதனத் தேர்வுக்குக் குழு அமைத்தோம்: நான், மனைவி, பத்தாவது படிக்கும் மகன். டெண்டர் விடவில்லை, ரிச்சி தெருவுக்குப் போனோம். முதல் கடையில் ஒரு பழைய ஐ5 டெஸ்க்டாப்பைக் காட்டினார்கள். விலை மலிவு, வேகம் உண்டு, இரண்டு ஹார்டு டிஸ்க் போடலாம். மகனுக்குப் பிடித்துவிட்டது. மனைவி கேட்டது ஒரே கேள்வி: "எவ்ளோ கரண்ட் குடிக்கும்?"

தணிக்கை என்றால் அதுதான். சும்மா இருக்கும்போதே 60 வாட் என்று வைத்துக்கொண்டால், இரண்டு மாதத்துக்கு 86 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். மிச்சம் 14 யூனிட்டில் மிக்ஸி ஓடுவதா, ஃபேன் ஓடுவதா என்று வீட்டில் வாக்கெடுப்பு நடத்த வேண்டியிருக்கும். இன்டெல் என்100 சிப் வைத்த மினி பிசி 10 வாட்டில் நிற்கும். அதற்கு 14 யூனிட் சொச்சம். ராஸ்பெரி பை மாதிரி ஒற்றைப் பலகைக் கணினியும் ஒரு எஸ்எஸ்டியும் சேர்ந்து 5 வாட் என்றால் 7.2 யூனிட். அரசு கொடுக்கிற இலவசத்துக்குள்ளேயே அடங்கும் ஒரே தரவு மையம் இந்தியாவில் இதுவாகத்தான் இருக்கும். இதையும் தகுதியாகக் கருத வேண்டும்.

அடுத்த கடையில் பை கேட்டதும் பையன் சிரித்தான். "ப்ராஜெக்டாண்ணா? காலேஜ் ஐடி இருந்தா கம்மி பண்ணித் தரேன்." பொறியியல் கல்லூரியின் கடைசி வருடத்தைத் தவிர வேறு எதற்கும் தமிழ்நாட்டில் இந்தப் பலகையை யாரும் வாங்குவதில்லை என்பது அவன் அனுபவம். பை 5 எடுக்கச் சொன்னான். 2023இல் வந்தது, 2.4 கிகாஹெர்ட்ஸ், நல்ல சரக்குதான். ஆனால் அதற்கு 5 வோல்ட்டில் 5 ஆம்பியர் தரும் தனி அடாப்டர் வேண்டும். சாதாரண 3 ஆம்பியர் சார்ஜரைச் செருகினால், யூஎஸ்பி வழியே வெளியே தரும் மின்சாரத்தை 600 மில்லி ஆம்பியரோடு நிறுத்திக்கொள்ளும். வெளியே செருகிய டிஸ்க் மயங்கி விழும். ஆரஞ்சு பை 5 அதைவிட வேகம், எட்டுக் கோர். அதற்கு மென்பொருள் தேடி மகன் இராத்திரி முழுக்க உட்கார வேண்டும். பொதுத் தேர்வு வருடம், மனைவி தள்ளுபடி செய்துவிட்டார்.

விலை விஷயத்தில் உங்கள் துறையிடம் ஒரு சிறு முறையீடு. 2012இல் முதல் ராஸ்பெரி பை 35 டாலருக்கு வந்தது, ஏழைப் பிள்ளைகளும் கணினி கற்கட்டும் என்று. 2025 டிசம்பரில் அந்த நிறுவனமே விலையை ஏற்றியது. பை 5இன் 16 ஜிபி பலகை 120 டாலரிலிருந்து 145 ஆனது. மெமரி சிப் விலை ஏறியதுதான் காரணம். செயற்கை நுண்ணறிவுக்காக உலகமெங்கும் கட்டுகிற தரவு மையங்கள் மெமரியை மொத்தமாக அள்ளிப் போவதால் அந்த ஏற்றம். அதாவது நீங்கள் அந்தஸ்து கொடுத்த இனத்தார் சாப்பிட்டது போக மிச்சம்தான் எங்கள் பரணுக்கு வருகிறது. பெரியவர்களுக்குச் சலுகை, சின்னவர்களுக்கு விலையேற்றம் என்பதில் ஒரு சமநிலை இருப்பதாக நிதித் துறையில் யாராவது நினைத்திருக்கலாம்.

இனி மின்சாரம். பெரிய தரவு மையம் கட்டுகிறவர்கள் இரண்டு வழியில் மின்சாரம் வரவழைத்துக்கொள்வார்கள். எங்களுக்கும் இரண்டு வழி உண்டு: வரும் வழி ஒன்று, போகும் வழி ஒன்று. மின்சாரத்துக்குப் பஞ்சமான ஊர் என்று எங்களைத் தப்பாக நினைக்க வேண்டாம். எங்களுக்கு வடக்கே வட சென்னை அனல் மின் நிலையத்தின் முதல் நிலை 630 மெகாவாட், இரண்டாம் நிலை 1,200, 2024இல் திறந்த மூன்றாம் நிலை 800, வல்லூரில் 1,500. கூட்டினால் 4,130 மெகாவாட். கம்பி எங்கள் தலைக்கு மேலேயே போகிறது. போகிற வேகத்தில் எங்கள் வீட்டைக் கவனிப்பதில்லை, அவ்வளவுதான். அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் தரவு மையங்களாக இருக்கிற மேகத்துக்கு அது அவசரமாகப் போய்ச் சேர வேண்டுமே! சாம்பல் மட்டும் அவசரப்படாமல் எங்களோடு தங்கிவிடுகிறது.

திடீரென்று கரண்ட் போனால் எஸ்டி கார்டு எழுதிக்கொண்டிருந்த பாதியிலேயே உயிரை விடும். அதனால் எஸ்எஸ்டி. அதோடு ரவுடருக்கு வைக்கிற சின்ன மினி யூபிஎஸ் ஒன்று. அதில் 12 வோல்ட் ரவுடருக்கு, 5 வோல்ட் பலகைக்கு. 5 ஆம்பியர் கேட்கும் பை 5இன் பசிக்கு அந்தக் குட்டிப் பெட்டி ஈடுகொடுக்காது. இந்த இடத்தில்தான் 2019இல் வந்த பை 4 ஜெயித்தது. 3 ஆம்பியர் போதும் அதற்கு. தரவு மையத் தொழிலில் மூன்றாம் அடுக்கு என்று சொல்கிற தரத்துக்கு வருடத்தில் சுமார் ஒன்றரை மணி நேரம்தான் நின்றுபோகலாம் என்று ஒரு கணக்குப் புழங்குகிறது. எங்கள் மையம் அந்த ஒதுக்கீட்டை ஐப்பசி முதல் வாரத்திலேயே செலவழித்துவிடும். மீதி வருடத்துக்கு முன்பணம் தர முடியுமா என்று பார்க்கவும்.

ஃபேன் வைப்பதா வேண்டாமா என்பதில்தான் குழு அதிக நேரம் விவாதித்தது. பை பலகை 80 டிகிரியைத் தொட்டால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கத்திரி வெயிலில் பரண் மேல் அது நடக்கும். ஃபேன் வைத்தால் சூடு தணியும், ஆனால் ஊர்க் காற்றை உள்ளே இழுக்கும். ஊர்க் காற்றில் உப்பு உண்டு, கந்தகம் உண்டு. கணினி வைக்கிற இடத்தின் காற்றை அளக்க ஐஎஸ்ஏ 71.04 என்று ஒரு தரம் இருக்கிறது. ஒரு செப்புத் தகட்டை அங்கே ஒரு மாதம் வைத்து எடுப்பார்கள். அரிப்பு 300 ஆங்ஸ்ட்ராமுக்குள், அதாவது 30 நானோமீட்டருக்குள் இருந்தால் இயந்திரம் வாழத் தகுந்த இடம். வெள்ளித் தகட்டுக்கு 200 ஆங்ஸ்ட்ராம். எங்கள் வீட்டில் தகடு வைக்கத் தேவைப்படவில்லை. அம்மாவின் வெள்ளிக் கொலுசை விபூதி போட்டுத் துலக்கி வைத்தால், அடுத்த விசேஷத்துக்கு எடுக்கும்போது கறுத்துக் கிடக்கும். அதையே சோதனை அறிக்கையாக ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.

அந்தத் தரத்தில் அம்மாவுக்கு எத்தனை ஆங்ஸ்ட்ராம் என்று தேடிப் பார்த்தேன். கருவிகளுக்கு மட்டும்தான் எழுதியிருக்கிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்தது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் எண்ணூர்ப் பக்கத்துப் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து ஜனங்கள் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அந்த மாதத்தை எந்த அடுக்கில் போடுவது என்று உங்களிடம் தனியாக விளக்கம் கேட்டு எழுதுவேன்.

ஆகவே ஃபேன் இல்லாமல், கனமான அலுமினியப் பெட்டிக்குள் பலகையை அடைத்தோம்; பெட்டியே சூட்டை வெளியே கடத்திவிடும். வேகம் பார்த்து வாங்குகிறவர்கள் காற்று நல்ல ஊரில் இருப்பவர்கள். பேரிடர் மீட்பு மையமும் உண்டு, தண்டையார்பேட்டையில் அக்கா வீட்டு பீரோ, பட்டுப் புடவைகளுக்கு நடுவே ஒரு போர்ட்டபிள் டிஸ்க். அந்துருண்டை போட்ட ஒரே மாற்று மையம்.

அம்மாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம் இருக்கிறது. "ஏன்டா, தண்ணி வந்தா மொதல்ல இத்த தூக்குவியா, என்ன தூக்குவியா?" உட்கட்டமைப்பு அந்தஸ்து வந்துவிட்டால் மையம்தான் முன்னுரிமை பெறும் என்று நினைக்கிறேன். சுற்றறிக்கை ஏதாவது இருந்தால் அனுப்பவும். அவரிடம் காட்ட வேண்டும்.

ஆய்வுக்கு அதிகாரி வருவதானால் ஐப்பசி, கார்த்திகை இரண்டையும் தவிர்த்து வரவும். அந்த மாதங்களில் வந்தால் மையத்தோடு அவரும் பரணில் தங்க நேரலாம். பரணுக்கு எடை தாங்கும் சான்று இன்னும் வாங்கவில்லை. விண்ணப்பப் படிவத்தில் கொள்ளளவு மெகாவாட்டில் என்று அச்சிட்டிருந்தால் கட்டத்தைக் கொஞ்சம் அகலமாக வைக்கவும். 0.000005 என்று எழுத இடம் வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பரண் தரவு மைய உரிமையாளர்.

இணைப்பு: மின் அட்டை நகல், கறுத்த கொலுசின் படம், ரிச்சி தெரு ரசீது. (பில் வேண்டாமென்றால் இன்னும் குறைத்துத் தருவதாகக் கடைக்காரர் சொன்னார். எழுதப்போவது நிதி அமைச்சகத்துக்கு என்பதால் ஜிஎஸ்டி கட்டியே வாங்கினேன்.)